வகுப்பறைச் சுவரில் பாடுபட்ட சுரூபம்

கோடி அற்புதர் புனித அந்தோணியாரின் பதுவை நகரை நாம் எல்லாரும் அறிவோம். அந்நகருக்குப் பக்கத்தில் அபானோ தெர்மே என்றோர் ஊர் உண்டு. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போனது. அங்குள்ள அரசுப் பள்ளி ஒன்றின் வகுப்பறைகளில் தொங்கிய பாடுபட்ட சுரூபங்கள், 2002-ஆம் ஆண்டு தொடங்கி 2011-ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவின் பேச்சாக இருந்தன. மதத்துக்குப் பொதுவாழ்வில் என்ன இடம் என்பது அறிஞர்கள் மாநாடுகளிலும் ஏடுகளிலும் நெடுங்காலமாக விவாதித்து வரும் கேள்வி. ஓர் ஆணியில் மாட்டிய சிறு சுரூபம் அந்தக் கேள்வியைச் சாதாரணப் பெற்றோரின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

சுரூபம் சுவரிலேயே இருக்கலாம் என்று இறுதியில் தீர்ப்பு வந்தது. கத்தோலிக்கர் பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் எந்த வாதங்களைச் சொல்லி அந்த வழக்கு வெல்லப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால், வெற்றிக்குக் கொடுத்த விலை கொஞ்சம் உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

நடந்தது என்ன?

சொய்லே லவுட்சி பின்லாந்தில் பிறந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற ஒரு தாய். 2001-2002 கல்வியாண்டில் 11, 13 வயதான அவருடைய இரு மகன்கள் அந்தப் பள்ளியில் படித்தார்கள். சமய நம்பிக்கை சாராமல் பிள்ளைகளை வளர்க்க விரும்பிய குடும்பம் அது. 2002 ஏப்ரலில் நடந்த பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளின் தந்தை இந்தக் கேள்வியை எழுப்பினார். மே மாதம் குழு வாக்கெடுத்து, சுரூபங்கள் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. தாய் வழக்குத் தொடுத்தார். 2005-இல் வெனெத்தோ மாநில நிர்வாக நீதிமன்றமும் 2006-இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தன. அவர் விடவில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்.

2009 நவம்பர் 3-ஆம் நாள் அங்கே ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அரசுப் பள்ளியின் சுவரில் தொங்கும் சுரூபம், ஒரு குறிப்பிட்ட சமயத்தின் சூழலில் வளர்க்கப்படுவதாகப் பிள்ளைகளை உணரச் செய்யும். தம் கொள்கைப்படி பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் உரிமையை அது மீறுகிறது என்றார்கள். 5,000 யூரோ இழப்பீடும் வழங்கச் சொன்னார்கள். இத்தாலி கொதித்தெழுந்தது. கோவில் பக்கம் அதிகம் காணப்படாத அரசியல்வாதிகள்கூடத் திடீரென்று சிலுவைக்காக முழங்கத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்தின் மீது வசவுகள் பொழிந்தன. சிலுவையைக் காக்கப் புறப்பட்டவர்கள் ஒரு தாயை ஏசினார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாய் கையில் எடுத்த உரிமை எது? பிள்ளைகளின் கல்வியைத் தம் மனச்சான்றின்படி தீர்மானிக்கும் பெற்றோரின் உரிமை. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. உலகெங்கும் அரசுகளிடம் நம் ஆயர்கள் ஓயாமல் வலியுறுத்தும் உரிமையும் இதுதான். அதை நம்பிக்கையற்ற ஒரு தாய் கேட்கும்போது மட்டும் அது உரிமையில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. அவருடைய கோரிக்கையை மறுப்பதென்றால் வேறு காரணம் வேண்டும்.

அந்தச் சுரூபம் அங்கே வந்த கதை

வகுப்பறையில் சுரூபம் வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? ஒன்றிணைந்த இத்தாலி உருவாவதற்குச் சற்று முன்பு, 1860-இல், பியத்மோந்து அரசு அப்படி ஓர் ஆணை பிறப்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே அரசுதான் அந்த ஆண்டுகளில் திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்த இத்தாலி அரசு 1870-இல் உரோமை நகரையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் பல பள்ளிகளில் சுரூபம் மெல்ல மறைந்தது. முசோலினி ஆட்சிக்கு வந்தவுடன் 1922-இல் ஒரு சுற்றறிக்கை அதை மீண்டும் மாட்டச் சொன்னது. 1924-இல் வந்த அரச ஆணை, ஒவ்வொரு பள்ளிக்கும் தேசியக்கொடி, ஒவ்வொரு வகுப்பறைக்கும் பாடுபட்ட சுரூபமும் அரசரின் படமும் வேண்டும் என்று விதித்தது. 1946-இல் இத்தாலி குடியரசானது. அரசர் படம் சுவரை விட்டு இறங்கியது. ஆண்டவர் மட்டும் தங்கினார். 1984-இல் திருப்பீடத்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஏற்பட்ட புதிய உடன்பாட்டின்படி, கத்தோலிக்க மறை அரசு மதம் என்ற நிலை நீங்கியது. அப்போதும் சுரூபம் இறங்கவில்லை.

ஆக, பக்தியால் மட்டும் அங்கே தொங்கிய சுரூபம் இல்லை அது. கொடியோடும் அரசர் படத்தோடும் சேர்த்து ஒரு பட்டியலில் எழுதி மாட்டப்பட்டது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள், ஆசிரியர்கள் அதன் கீழே நின்று கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆணை மறந்துபோய் அன்பு தங்கிவிடுவதும் உண்டு. 1988-இல் இதேபோன்ற ஒரு விவாதம் எழுந்தபோது, சுரூபம் இருக்கட்டும் என்று எழுதியவர் நத்தாலியா கின்ஸ்புர்க். யூதத் தந்தைக்குப் பிறந்த எழுத்தாளர். நாசிகள் உரோமையை ஆக்கிரமித்திருந்த 1944-இல் சிறையில் நடந்த சித்திரவதையால் கணவரை இழந்தவர். அவர் எழுதிய ஏடோ கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடு! மானிடத் துன்பத்தின் அடையாளமாக அந்த உருவம் எல்லாருக்கும் உரியது என்பது அவருடைய கருத்து. இப்படி எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி வருவது நமக்கு நல்ல பாடம்.

குல்லா அணிந்த வழக்கறிஞர்

2009 தீர்ப்பை எதிர்த்து இத்தாலி மேல்முறையீடு செய்தது. 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 2010 ஜூன் 30-ஆம் நாள் வழக்கைக் கேட்டது. பத்து நாடுகள் இத்தாலிக்குத் துணையாக வந்தன. அவற்றில் எட்டு நாடுகளின் சார்பில் எழுந்து பேசியவர் ஜோசப் வைலர் என்ற சட்டப் பேராசிரியர். யூத சமயத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர். யூதர் அணியும் குல்லாவோடுதான் நீதிமன்றத்தில் நின்றார். அந்த எட்டு நாடுகளில் ஆர்மீனியா, பல்கேரியா, கிரேக்கம், சைப்ரஸ், அப்போது உறுப்பு நாடாக இருந்த ரஷ்யா ஆகியவை கீழைத் திருச்சபைகளின் நாடுகள். கத்தோலிக்கச் சுரூபத்துக்காகக் கீழைத் திருச்சபைகளின் நாடுகள் பேசச் சொல்ல, ஒரு யூதர் பேசினார். ஒன்றிப்பு முயற்சிகளில் இதுவும் ஒரு வகை போலும்.

வைலரின் வாதமே, பொதுவாழ்வில் சமயத்துக்கு இடம் வேண்டும் என்று கோரும் மரபுவாதிகள் இன்றும் முன்வைக்கும் வலுவான வாதம். அதைச் சுருக்கமாகச் சொல்ல முயல்வோம். முற்காலத்தில் கத்தோலிக்கர், புரொட்டஸ்டாண்டு, யூதர் என்ற பிரிவுகளுக்கு நடுவே அரசு நடுநிலை வகிக்க வேண்டியிருந்தது. அப்போது வெற்றுச் சுவர் ஒரு சமரசமாக இருந்திருக்கலாம். இன்றோ பெரிய பிரிவு நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே இருக்கிறது. சமயமே வேண்டாம் என்பதும் ஒரு வாழ்க்கைக் கொள்கை. அதற்கும் கட்சி உண்டு, ஆதரவாளர்கள் உண்டு. அப்படியிருக்க, சுவரை வெறுமையாக்கச் சொல்லி அரசு ஆணையிட்டால், அந்த இரு தரப்பில் ஒரு தரப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு நடுநிலை என்று பெயர் சூட்டுகிறது.

இதைப் பள்ளிப் பிள்ளைகள் இருவரின் கதையாக அவர் விளக்கினார். மார்க்கோவின் வீட்டில் சுரூபம் இருக்கிறது. நண்பன் லியோனார்தோவின் வீட்டில் இல்லை. ஒருவன் வீட்டுக்கு ஒருவன் போய் வியப்போடு திரும்புகிறார்கள். இரண்டு தாய்மாரும் மற்றவரை மதிக்கவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். சுவரில் சுரூபம் இருந்தால் லியோனார்தோ குழம்பலாம். சட்டத்தின் பெயரால் அது கழற்றப்பட்டிருந்தால் மார்க்கோவும் அதே அளவு குழம்பலாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் எதுவும் சொல்லாத சுவர் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கு ஏற்றபடி முடிவு செய்யட்டும். எப்படி முடிவு செய்தாலும் மற்ற பிள்ளையை மதிக்கக் கற்றுக்கொடுக்கட்டும் என்பது அவர் கோரிக்கை.

இந்த வாதம் நமக்குச் சரியென்றே படுகிறது. அவரே சுட்டிக்காட்டியதுபோல, இங்கிலாந்தில் அரியணையில் இருப்பவர் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும் தலைவர். ஐரோப்பாவின் எத்தனையோ கொடிகளில் சிலுவை இருக்கிறது. அந்நாடுகளில் மனச்சான்றின் சுதந்திரம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஞாயிறு விடுமுறையைக்கூட ஒரு சமயத்தின் அடையாளமாகத்தானே பார்க்க முடியும்? எங்கே நிறுத்துவது? பொதுவிடத்தைச் சமயமே அற்றதாகத் துடைத்து வைப்பதுதான் சுதந்திரம் என்றால், நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் வீதிக்கு வரும்போது தன்னில் பாதியை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும்.

2011 மார்ச் 18-ஆம் நாள் பேரமர்வு தீர்ப்பு வழங்கியது. 15 பேர் இத்தாலிக்குச் சாதகம், இருவர் எதிர்ப்பு. வத்திக்கான் வரவேற்றது.

வெற்றியின் விலை

தீர்ப்பை வாசித்தால், பேரமர்வு சாய்ந்து நின்ற முக்கியமான தூண்களில் ஒன்று இது: சுவரில் தொங்கும் சுரூபம் தன்னளவில் செயலற்ற ஓர் அடையாளம், போதனை செய்வதாலும் வழிபாட்டில் பங்கேற்க வைப்பதாலும் பிள்ளைகள் மனத்தில் உண்டாகும் தாக்கம் அதனால் உண்டாகும் என்று சொல்ல முடியாது. இத்தாலி அரசு இன்னும் ஒரு படி போய், சுரூபம் சமயத்தைத் தாண்டி நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் மக்களாட்சியின் மதிப்பீடுகளையும் குறிக்கிறது என்று வாதாடியது. 2005-இல் தீர்ப்புச் சொன்ன வெனெத்தோ நீதிமன்றமோ, சகிப்புத்தன்மைக்கும் அரசின் மதச்சார்பின்மைக்கும்கூட அது அடையாளம் என்றது!

வழக்கறிஞர் வேலை வழக்கை வெல்வது. அவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாம் யார்? பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் திரையை மெல்ல விலக்கி, மும்முறை உயர்த்திக் காட்டப்படும் திருச்சிலுவையின் முன் முழந்தாளிடுகிறோம். வரிசையில் நின்று, குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அதன் பாதத்தை முத்தி செய்கிறோம். மரணப் படுக்கையில் கிடப்பவரின் கையில் சுரூபத்தைக் கொடுக்கிறோம். அது செயலற்ற அடையாளமா? 2009-இல் ஏழு நீதிபதிகள் சுரூபம் ஆற்றல் மிகுந்த அடையாளம், பிள்ளையின் மனத்தைத் தொடும் என்றார்கள். 2011-இல் பெரும்பான்மையினர் அதற்கு அவ்வளவு ஆற்றல் இல்லை என்றார்கள். சுரூபத்தின் வலிமையைப் பற்றிய மட்டில், நமக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர்களே நம் நம்பிக்கைக்கு நெருக்கமாகப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சிலுவையைக் காப்பாற்ற, அதன் வாயைக் கட்ட வேண்டியதாயிற்று.

இங்கேதான் மரபுவாதிகளின் இரண்டு வாதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சமயம் அற்ற பொதுவாழ்வு நடுநிலையானது ஆகாது என்பது ஒரு வாதம். சிலுவை எங்கள் நாட்டின் பண்பாட்டுச் சின்னம், ஆகவே இருக்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மேடையில் ஒரே மூச்சில் பேசப்படுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதல் வாதத்தில் நம்பிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. இரண்டாவதில் நம்பிக்கை தேவையே இல்லை. கிறிஸ்துவை ஏற்காதவரும் அந்தச் சின்னத்தை ஏந்தலாம். தம் அண்டை வீட்டாருக்கு எதிராகவும் ஏந்தலாம்.

மாட்டியவர் யார், காத்தவர் யார்?

வரலாற்றில் சிலுவைக்காக மக்கள் எழுந்த வேளைகள் உண்டு. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் 1936 நவம்பர் 4-ஆம் நாள் நாசி அதிகாரிகள் பள்ளிகளிலிருந்து சிலுவைகளை அகற்ற ஆணையிட்டார்கள். அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்லத் தேவையில்லை. வாய் திறந்தாலே சிறை. ஆனாலும் அங்கிருந்த கத்தோலிக்க விவசாயிகள் ஊர் ஊராகத் திரண்டார்கள். நவம்பர் 25-ஆம் நாள் குளோப்பன்பர்க் நகரில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் நாசித் தலைவரே நின்று, ஆணையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றே வாரம்! 1941-இல் பவேரியாவில் அமைச்சர் அடால்ஃப் வாக்னர் அதே முயற்சியில் இறங்கினார். மகன்களும் கணவன்மாரும் போர்முனையில் இருக்க, தாய்மார் பள்ளி வாசல்களுக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள். அந்த ஆணையும் கைவிடப்பட்டது. 1984-இல் போலந்தின் மியெத்னே என்ற ஊரில் வேளாண்மைப் பள்ளி மாணவர்கள், கம்யூனிஸ்ட் அரசு கழற்றிய சிலுவைகளுக்காகப் பள்ளிக்குள் அமர்ந்து போராடினார்கள். அம்மறைமாவட்ட ஆயர் ஜான் மசூர், ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உண்டு நோன்பு இருந்தார்.

இங்கெல்லாம் சிலுவையைச் சுவரில் நிறுத்தியது அதிகாரம் இல்லாதவர்களின் கை. அவர்கள் பண்பாட்டுச் சின்னம் என்று வாதிடவில்லை. இழப்பதற்குத் துணிந்திருந்தார்கள்.

இப்போது அதே பவேரியாவின் பிற்காலக் கதைக்கு வருவோம். 1995-இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், பவேரியத் தொடக்கப் பள்ளிகளில் சிலுவையைக் கட்டாயமாக்கிய விதி செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு இறுதியில் புதிய சட்டம் கொண்டுவந்தது: சிலுவை இருக்கும்; ஒரு பெற்றோர் தகுந்த காரணத்தோடு மறுத்தால் பேசித் தீர்வு காணப்படும். மோசமில்லாத ஏற்பாடு. பிறகு 2018-இல் முதலமைச்சர் மார்குஸ் ஸோடர், அந்த ஆண்டு ஜூன் 1 முதல் மாநில அரசு அலுவலகங்கள் எல்லாவற்றின் நுழைவாயிலிலும் சிலுவை மாட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். பவேரியாவின் வரலாற்று, பண்பாட்டு முத்திரையின் வெளிப்பாடு அது என்று ஆணை சொன்னது. அக்டோபரில் மாநிலத் தேர்தல் வரவிருந்ததை நாம் மறக்கலாகாது.

ஆயர்கள் துள்ளி மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? மியூனிக் பேராயரும் அப்போதைய ஜெர்மன் ஆயர் பேரவைத் தலைவருமான கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அரசு அதைத் தன் பெயரில் பறித்துக்கொள்கிறது. அது மக்களிடையே பிரிவினையை உண்டாக்கியிருக்கிறது என்றார். ரேகன்ஸ்பர்க் ஆயர் ருடோல்ஃப் ஃபோடர்ஹோல்சர் போன்றோர் ஆணையை வரவேற்றார்கள். ஆயர்களிடையே கருத்து வேறுபாடு வெளியே தெரிந்ததில் சிலருக்கு வருத்தம். நமக்கு அதில் ஆறுதலே. மனச்சான்றோடு சிந்திக்கிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் கருத்து வேறுபடும். அக்டோபர் தேர்தலில் ஸோடரின் கட்சி அறுதிப் பெரும்பான்மையை இழந்தது. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தச் சிலுவைகள் இருக்கலாம் என்றது. சட்டப்படி சரி. கர்தினால் எழுப்பிய கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை சொல்ல முடியாது.

முதல் சிலுவையை நாட்டியதும் ஓர் அரசுதான் என்பது இவ்வேளையில் நினைவுக்கு வருகிறது. ஆளுநர் பிலாத்து அதன்மேல் பலகையும் எழுதி மாட்டினான். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில், வழிப்போக்கர் எல்லாரும் வாசிக்கும்படி. எழுதப்பட்டது உண்மையே. எழுதியவனுக்கோ அதில் நம்பிக்கை இல்லை.

திருச்சபை கேட்பது என்ன?

பொதுவாழ்வில் சமயத்துக்குக் குரல் வேண்டும் என்பதில் திருச்சபை தளரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசமைப்பு வரைவில் கிறிஸ்தவ வேர்கள் குறிப்பிடப்பட வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பலமுறை கேட்டுக்கொண்டார். 2004-இல் கையெழுத்தான அந்த ஆவணத்தில் அது இடம்பெறவில்லை. 2010 செப்டம்பரில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், புனித தாமஸ் மோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட அதே மண்டபத்தில், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் பேசினார். சட்டங்களை எழுதிக் கொடுப்பது சமயத்தின் வேலையில்லை. பகுத்தறிவு தடம் மாறும்போது அதைத் தெளிவுபடுத்த உதவுவதே அதன் பங்கு, ஆகவே அதன் குரலை ஒதுக்கிவிடாதீர்கள் என்று அங்கே கூடியிருந்தவர்களிடம் எடுத்துரைத்தார்.

அதே திருத்தந்தை அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பரில், ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பேசியது பலரைத் திகைக்க வைத்தது. வரலாற்றில் திருச்சபையின் சொத்துகளும் சலுகைகளும் பறிக்கப்பட்ட காலங்கள் அதன் தூய்மைக்கு உதவியிருக்கின்றன, உலகச் சுமை குறைந்தபோது அதன் சாட்சியம் நம்பத்தகுந்ததாயிற்று என்ற கருத்தை அவர் முன்வைத்தார். மரபுவாதிகள் பெரிதும் மதித்த திருத்தந்தை அவர். அவர் இதைப் புதிதாகச் சொல்லவுமில்லை. 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற சங்க ஏட்டின் 76-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். அரசு தரும் சலுகைகளில் திருச்சபை தன் நம்பிக்கையை வைப்பதில்லை. முறையாகப் பெற்ற உரிமைகளும்கூடத் தன் சாட்சியத்தின் நேர்மையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கினால் அவற்றையும் விட்டுக்கொடுக்கும் என்று சங்கத் தந்தையர் அங்கே எழுதியிருக்கிறார்கள். குரல் வேண்டும், சலுகை இல்லாமலும் இருக்க முடியும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எளிதன்று.

நாம் இங்கே சிறுபான்மையினர்

இத்தாலியக் கத்தோலிக்கருக்கு இல்லாத ஓர் அனுபவம் நமக்கு உண்டு. பெரும்பான்மையினரின் பண்பாடு என்ற பெயரில் ஒரு வழிபாட்டு அடையாளம் பொதுவிடத்தில் வைக்கப்படும்போது சிறுபான்மையினருக்கு எப்படி இருக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் பூசை நடக்கும்போது, இது சமயமில்லை, நம் பண்பாடு என்று சக ஊழியர் நட்போடுதான் சொல்கிறார். அந்த வாக்கியமும் இத்தாலி அரசின் வாக்கியமும் ஒன்றே. அங்கே அது சரி, இங்கே அது தவறு என்று சொல்ல நமக்கு வழியில்லை.

நம் பள்ளிகளின் நிலையோ வேறு. நம் அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, முற்றிலும் அரசு நிதியில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளிகளில் எவரையும் அவர் சம்மதமின்றி (சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமின்றி) சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக்கூடாது என்கிறது. 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர் தம் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆக, நம் பள்ளிச் சுவரில் சுரூபம் இருப்பது நம் வீட்டில் இருப்பதுபோல. விருந்தாளியை வணங்கச் சொல்லாதவரை அதில் குற்றமில்லை. 2024 பிப்ரவரியில் அசாமில் ஓர் அமைப்பு, கிறிஸ்தவப் பள்ளி வளாகங்களிலிருந்து சிலுவைகளையும் சுரூபங்களையும் அகற்ற வேண்டும், அருட்தந்தையரும் அருட்சகோதரியரும் துறவற உடையில் வரக்கூடாது என்று கெடு விதித்தது. இந்திய ஆயர் பேரவை அந்த ஆண்டு ஏப்ரலில் நம் பள்ளிகளுக்கு வழங்கிய வழிகாட்டுதல்களில் சிலுவைகளைக் கழற்றச் சொல்லவில்லை. பிற சமயப் பிள்ளைகள் மீது நம் வழக்கங்களைத் திணிக்காதீர்கள் என்றும், அரசமைப்பின் முகவுரையைக் காலைக் கூட்டத்தில் வாசியுங்கள் என்றும் சொன்னது. அச்சத்தில் எழுதியது என்று சிலர் பேசினார்கள். 76-ஆம் எண்ணை வாசித்தவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

இத்தாலியில் இந்தக் கதை 2011-இல் முடிந்துவிடவில்லை. தெர்னி நகரின் தொழிற்கல்விப் பள்ளி ஒன்றில் மாணவர்களே கூடிப் பெரும்பான்மையாக, தங்கள் வகுப்பில் சுரூபம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தலைமையாசிரியர் அதை ஆணையாக்கினார். ஓர் ஆசிரியருக்கு உடன்பாடில்லை. தம் பாடவேளை தொடங்கும்போது சுரூபத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைப்பார். மணி அடித்ததும் எடுத்து மீண்டும் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அதற்காக அவர் 30 நாள் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2021 செப்டம்பரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் தண்டனையை நீக்கினார்கள். ஆனால் சுரூபம் இருந்ததால் அவருக்குப் பாகுபாடு நேர்ந்தது என்பதை ஏற்கவில்லை. பெரும்பான்மைக்கும் கட்டளையிடும் உரிமை இல்லை, தனி ஒருவருக்கும் தடுத்து நிறுத்தும் உரிமை இல்லை என்றார்கள். வேண்டுமென்று பள்ளிச் சமூகம் விரும்பினால் மாட்டிக்கொள்ளலாம். விரும்பாதவரோடு உட்கார்ந்து பேசி, பக்கத்தில் வேறொரு சின்னம் வைப்பதா, இடத்தை மாற்றுவதா, அவருடைய பாடவேளையில் மட்டும் இறக்கி வைப்பதா என்று ஒரு வழி காண வேண்டும். 1924-ஆம் ஆண்டின் அரச ஆணைக்குத் தரப்பட்ட புதிய பொருள் இது. மாட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் போனது. இனி ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு ஆண்டும் தானே கேட்டு, தானே பேசி முடிவு செய்ய வேண்டிய காரியமாயிற்று, அந்தச் சிறு சுரூபம்.